ஸ்டீல் கிட்டாரும் ஓர் அவசர மொட்டையும்

போன மாதம் திருச்சியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவராம். என்னிடம் இருக்கும் ஸ்டீல் கிட்டாரையும் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். "இதெல்லாம் விண்டேஜ் ஐயா" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "பழசுதான். ஆனா மதிப்பு ஜாஸ்தி." நானும் பழசுதான், என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஏதாவது வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

"பாட்டு வேண்டாங்கய்யா. பெட்டிய மட்டும் போட்டு வைங்க. உர்ருனு ஒரு இரைச்சல் வருதுல்ல, அதப் பதிவு பண்ணிக்கிறேன். இப்ப வர்ற மெஷின்ல அது கெடைக்க மாட்டேங்குது."

அந்த இரைச்சலை ஒழிப்பதற்காகத்தான் என் வாலிபம் முழுவதும் ஊர் ஊராக மண்ணில் கம்பி புதைத்து உப்புத் தண்ணீர் ஊற்றினோம். தம்பி அதைக் கண்ணை மூடிக் கேட்டார். கிளம்பும்போது, "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, எங்க சங்க மலர்ல போடுறோம்" என்றார். இரைச்சலுக்கே ரசிகர் இருக்கும்போது என் எழுத்துக்கும் நாலு பேர் இருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் கதாநாயகன் மாரோடு அணைத்து வாசிக்கிற கிட்டார் வேறு. இது மடியில் மல்லாந்து படுத்திருக்கும். இடது கையில் வழவழப்பான ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்க வேண்டும். வலது கை விரல்களில் தகட்டு நகங்களை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். சுரங்கள் படிப்படியாக ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். அதனால் எவ்வளவு குஷியான பாட்டை வாசித்தாலும் நடுவில் யாரோ விம்முவதுபோல் இருக்கும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த விம்மல்தான் காரணம்.

நான் எட்டாவது வரை போனேன். முடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டார்கள்; எனக்கு ஓர் இடத்தில் குனிந்து நிற்கிற பொறுமை இல்லை. அரியலூர் ஸ்டேஷனில் டீ விற்றேன். சுண்ணாம்புக்கல் லாரியில் கல் ஏற்றினேன். டூரிங் டாக்கீஸில் மணல் பரப்பினேன். பிடிக்காத இடத்திலிருந்து சொல்லாமல் கிளம்பினேன். பிடித்த இடத்திலிருந்து அவர்களே அனுப்பினார்கள். கடைசியில் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் தோட்ட வேலை. அவர் மாலையில் வராந்தாவில் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசிப்பார். நான் தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றிக்கொண்டு நிற்பேன். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பியபோது, கொண்டுபோக முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். சமையல்காரருக்குக் கட்டில், எனக்குக் கிட்டார். படுக்க இடமில்லாத நான் கட்டிலைத்தான் எதிர்பார்த்திருந்தேன். வாசிக்கப் பழகியதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விரலில் தோல் உரிந்தது, பிறகு தடித்தது, பிறகு வலிக்கவில்லை.

அரியலூரில் தனக்கோடி மாஸ்டர் மெல்லிசைக் குழு வைத்திருந்தார்; அதில் சேர்ந்தேன். பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதி, பல் விழுந்ததும் குழுத் தலைவரானவர். வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ. மேடையில் அறிவித்து அறிவித்து, கீழேயும் அப்படியே பேசுவார். டீக்கடையில், "பேரன்புக்குரிய உரிமையாளர் அவர்களே, சர்க்கரை குறைவாக ஒரு தேநீரை இந்தக் கலைஞனுக்கு வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பார். டீக்கடைக்காரர் பதிலுக்கு, "அடுத்தபடியாகப் பழைய பாக்கி" என்பார்.

மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸின் ஆம்ப்ளிஃபயரை மாஸ்டர் வாங்கி வைத்திருந்தார். அதற்குப் பெயர் பெட்டி. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், போட ஒரு சடங்கு வேண்டும். முதலில் பலகை போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். எர்த் கம்பியைப் புதைத்து உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாஸ்டர் கற்பூரம் காட்டிவிட்டு ஸ்விட்சைத் தட்டுவார். வால்வுகள் சிவக்கும்வரை யாரும் பேசக் கூடாது, இருமினாலும் முறைப்பார். கிராமங்களில் மின்சாரம் வரும், ஆனால் வந்த களைப்பில் படுத்துவிடும். அன்றைக்கெல்லாம் வால்வு சிவக்க நேரமாகும், கூட்டம் விசிலடிக்கும், மாஸ்டர் மட்டும் பெட்டியின் முன் பிரசவ அறை வாசலில் நிற்கிற தகப்பனைப்போல் நிற்பார். எர்த் சரியில்லாவிட்டால் தந்தியிலிருந்து கைக்கும், மைக்கிலிருந்து உதட்டுக்கும் ஷாக் அடிக்கும். ஒருமுறை பாட வந்த பெண் மைக்கைத் தொட்டதும் வீலென்று கத்திவிட்டாள். கூட்டம் அதைச் சங்கதி என்று எண்ணிக் கைதட்டியது. அடுத்த ஊரிலும் அதே இடத்தில் கத்தச் சொன்னார் மாஸ்டர்.

சுருதி சேர்ப்பது சிமெண்ட் ஆலைச் சங்குக்கு. எங்கள் ஹார்மோனியத்தின் கட்டைகள் நாளுக்கொரு சுருதி பேசும். ஷிப்டு சங்கு மட்டும் மாறவே மாறாது. சங்கு ஊதியதும் எல்லாரும் ஓடிவந்து அதற்குச் சேர்த்துக்கொள்வோம். பெரம்பலூர்ப் பக்கம் போனால் சங்கு கிடையாது. அங்கே ஆளுக்கொரு சுருதியில் வாசித்தோம். பெரம்பலூர்க்காரர்கள் பெரிய மனசுக்காரர்கள். மெல்லிசை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

பூலாம்பாடித் திருவிழாவுக்குப் பஸ்ஸில் போனபோது கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு வழி மறித்தார்.

"இது என்னாய்யா, பொணப்பொட்டி மாரி?"

"ஆம்ப்ளிஃபயருங்க" என்றேன்.

"அதுக்கு டிக்கெட் போட எனக்கு ரூல் இல்ல. மூட்டைக்கு இருக்கு, கோழிக்கு இருக்கு, ஆட்டுக்கு இருக்கு."

மாஸ்டர் முன்னால் வந்தார். "அப்படியானால் மாண்புமிகு நடத்துநர் அவர்களே, இதனை ஓர் ஆடாகப் பாவித்து…"

"சரி, ஆடுன்னே போட்டுக்கிறேன். ஆனா வழியில செக்கிங் வந்தா நீங்கதான் கத்தணும்."

செக்கிங் வரவில்லை. வந்திருந்தால் மாஸ்டர் கத்தியிருப்பார். தொழில் பக்தி அப்படி.

சடங்கில் கடைசியாக ஒன்று உண்டு. அதை ஒற்றைத் தந்திச் சோதனை என்பார். வேறு எந்த வாத்தியமும் கூடாது. நான் ஒரே தந்தியில் கீழிருந்து மேலே மிக மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். மாஸ்டர் ஒரு கையை உயர்த்தியபடி ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கரின் அடியிலும் நின்று கிறீச்சிடுகிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். கடைசிக் குழாயைத் தாண்டி அவர் கை இறங்கும்வரை நான் நிறுத்தக் கூடாது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். உடையார்பாளையம் போகிற வழியில் ஓர் ஊர். பெயர் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று செல்வாக்காக இருக்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் கலியபெருமாள், கொஞ்சம் முந்திரித் தோப்பு உள்ளவர். பெண் பெயர் மங்கையர்க்கரசி. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு வேறோர் இடத்தில் நிச்சயமாகி, முகூர்த்தத்துக்கு முதல் நாள் அந்த மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்து கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பெரியப்பா நடக்க முடியாமல் பல வருடம் படுக்கையில் கிடந்தவர். ஆனாலும் அவர் செத்தது பெண்ணின் ராசியால் என்று அந்த வீட்டார் கண்டுபிடித்து, வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் நாங்கள் பந்தலில் இறங்கியபோது கலியபெருமாள் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நல்லா சத்தமா வைங்க. இந்த வாட்டி சாவுச் செய்தின்னு ஒண்ணு எங்காதுல வுழாம தாலி ஏறிடணும். இன்னொரு தடவ நின்னுச்சுன்னா எம்பொண்ண எவன் கேட்டு வருவான்?"

கல்யாண வீட்டில் குழாயிலிருந்து முதலில் வருவது பிள்ளையார் பாட்டு. அதைக் கேட்டுத்தான் ஊர் எழுந்திருக்கும். அன்று மைக்செட்காரரின் கிராமபோன் முள் முறிந்துவிட்டது. ஆகவே, அந்த ஊர் அன்று முதலில் கேட்டது என் ஒற்றைத் தந்தியை.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய தலைவர் யாராவது காலமானால் ரேடியோ உடனே பெயரைச் சொல்லிவிடாது. பாட்டு நிற்கும், நாடகம் நிற்கும், வீணையோ வயலினோ தன்னந்தனியாக இழுக்க ஆரம்பிக்கும். அதைக் கேட்டதுமே கடைக்காரர்கள் பலகையை எடுத்துச் சாத்துவார்கள். பாதி மரியாதை, பாதி கல்லடிப் பயம்.

மாஸ்டர் கையை உயர்த்தியபடி நடந்தார். கடைசிக் குழாய் ரோட்டோரப் புளியமரத்தில் கட்டியிருந்தது. நான் இழுத்துக்கொண்டிருந்தேன். மேடையிலிருந்து பார்த்தால் ரோடு தெரியும். முதலில் டீக்கடைப் பலகை ஏறியது. அடுத்து மளிகைக்கடை. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த பஸ்ஸை யாரோ கை காட்டி நிறுத்தினார்கள். டிரைவர் கீழே இறங்கி, என் வாசிப்பைக் கொஞ்ச நேரம் கேட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனார். என் வாசிப்பு ஒரு பஸ்ஸைத் திருப்பியது அதுவே முதலும் கடைசியும்.

கலியபெருமாளின் பங்காளி ஒருவர் பந்தலுக்குள் ஓடி வந்தார். "யாரோ பெரிய தலைவரு போயிட்டாராம்!"

"யாருடா?"

"என்னைக் கேட்டா? ரேடியோவப் போட்டுப் பாருங்க!"

போட்டார்கள். தினமும் காலையில் அந்த நேரத்துக்கு வருகிற வீணைக் கச்சேரி வந்தது. தினமும் வருவதால் அதை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஐயோ, ரேடியோலயும் வீணை அழுவுதுடா!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் வைத்திலிங்கம். அரியலூருக்குப் பக்கத்து ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். முதல் நாளே மாப்பிள்ளை வீட்டாரோடு வந்து தங்கியிருந்தார். அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். எதிர்க்கட்சிக் கம்பத்தில் கொடி பாதிக்கு இறங்கியிருந்தது. எதிரியே கொடியை இறக்கினால் போனவர் தன் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். பந்தலோரம் முடிதிருத்துபவர் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. வைத்திலிங்கம் மாப்பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"அடிய்யா மொட்டை. எங்க அண்ணன் போன பொறவு எனக்கு எதுக்கு முடி?"

நல்ல அடர்த்தியான முடி. சுருள் சுருளாக விழுந்தது.

நான் பயந்து வாசிப்பை நிறுத்தினேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நுரை வழிகிற தலையோடு வைத்திலிங்கம் அங்கிருந்தே கத்தினார்: "நிறுத்தாத தம்பி! இந்தக் கூட்டத்துலயே ஒனக்குத்தான் உணர்வு இருக்கு. வாசி!"

நான் வாசித்தேன். இன்னும் நாலு பேர் அழ ஆரம்பித்தார்கள்.

மொட்டை முடிந்து எழுந்தவர் கலியபெருமாளிடம் வந்தார். "சம்மந்தி, தப்பா நெனக்காதீங்க. தலைவர அடக்கம் பண்ணாம எங்க வூட்டுல ஒரு நல்ல காரியமும் கெடையாது. தை மாசம் பாத்துக்குவோம்."

கலியபெருமாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "மறுபடியுமா!" என்றது.

கிறீச்சிட்ட புளியமரத்துக் குழாயை மரத்தில் ஏறிச் சரிசெய்துவிட்டு அப்போதுதான் மாஸ்டர் திரும்பி வந்தார். மொட்டையைப் பார்த்தார், சாத்திய கடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என் காதருகே குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாதாரண மனிதனைப்போல் பேசினார். "உண்மையச் சொன்னா உன்னைய அடிப்பான், பெட்டிய அடுப்புல வைப்பான். கைய எடுக்காத." பிறகு மைக்கைப் பிடித்து இரங்கல் உரை ஆற்றினார். பெயரே சொல்லாமல் வெகுநேரம் பேசினார். "அன்னார் ஏழைகளின் தோழர், எளிமையின் சிகரம்." இரண்டு கட்சிக்காரர்களும் தலையாட்டினார்கள். எந்தத் தலைவரும் செத்தால் அப்படித்தான் இருப்பார்.

எதிர்க்கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் தங்கராசு கறுப்புத் துணியோடு துக்கம் விசாரிக்க வந்தார். "மனசத் தேத்திக்குங்க அண்ணே. எதிர்முகாம்னாலும் உங்க தலைவரு பெரிய மனுசன்."

"ஒனக்கு யாருய்யா மொதல்ல சொன்னது?" என்று மூக்கைச் சிந்தினார் வைத்திலிங்கம்.

"யாரும் சொல்லல. நீங்க மொட்டை போட்டத வச்சுத்தான்…"

"நீ கொடிய எறக்குனத வச்சுத்தானய்யா நான் மொட்டையே போட்டேன்!"

"நான் டீக்கடை சாத்தினான்னு எறக்கினேன்."

அந்தச் சமயத்தில் வீட்டுக்குள்ளிருந்து பங்காளி ஓடி வந்தார். "ரேடியோல வீணை முடிஞ்சிருச்சு! கடலைச் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கச் சொல்றாங்க!"

தலைவர் செத்த நாளில் ரேடியோ கடலைச் செடியைப் பற்றிப் பேசாது. இது எல்லாருக்கும் தெரியும். பந்தல் அமைதியானது. அந்த அமைதியில் என் கிட்டார் மட்டும் விம்மிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக அதன் பக்கம் திரும்பினார்கள். நான் கையை எடுத்தேன். துக்கம் உடனே நின்றது.

வைத்திலிங்கம் மெல்லத் தலையைத் தடவிப் பார்த்தார். முகம் கறுத்தது. "என்னைய ஊர் முன்னால மொட்டையடிச்சு அசிங்கப்படுத்திட்டீங்க. இந்தச் சம்மந்தமே வேண்டாம். எழுந்திரிடா மாப்ள!"

ஒரு கன்னம் மழித்த மாப்பிள்ளை எழுந்தார். கலியபெருமாள் எழ முடியாமல் கையை மட்டும் நீட்டினார்.

அப்போது கூறைப்புடவையும் மாலையுமாக மங்கையர்க்கரசி வெளியே வந்தாள். நேராக மாஸ்டரின் மைக் அருகே வந்து நின்றாள். மைக் உயிரோடு இருந்தது. தெரியாமல் வந்து நின்றாளா என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். தெரிந்துதான் நின்றாள்.

"மாமா, இந்தக் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு கொலதெய்வத்துக்கு மொட்டை வேண்டிக்கிட்டீங்களாமே. எங்கப்பா கூட எனக்காக இப்படிச் செய்யல."

புளியமரத்துக் குழாய்வரை அது கேட்டது. அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

வைத்திலிங்கம் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தலையை இன்னொரு முறை தடவினார். இந்தத் தடவை பெருமையாக. "ஆமாம்மா. வெளிய சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்."

தங்கராசு விடுவாரா? "அப்ப எதுக்குண்ணே அழுதீங்க?"

"ஆனந்தக் கண்ணீருய்யா. நீ எதுக்குக் கொடிய எறக்கின?"

"கயிறு இத்துப்போச்சு. மாத்தலாம்னு."

அதற்குள் டீக்கடைப் பலகை இறங்கிவிட்டது. எதற்குச் சாத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர், தான் எதற்கு அழுதார் என்று சொல்ல வேண்டிவரும்.

முகூர்த்த நேரத்தில்தான் நாதஸ்வரக்காரர்கள் இல்லை என்பது தெரிந்தது. அவர்கள் நான் திருப்பி அனுப்பிய பஸ்ஸில் இருந்தார்கள். ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் கேட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். டிரம்காரர் கெட்டிமேளம் கொட்ட, நான் இரும்புத் துண்டைத் தந்தியில் வைத்து நாதஸ்வரத்தைப்போல் இழுத்தேன். விம்மத்தான் செய்தது. பெண்கள் அழுதார்கள், கலியபெருமாள் தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணத்தில் அழுதால் யாரும் கடை சாத்துவதில்லை. தாலி ஏறியது. போட்டோக்காரர் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையை ஒரே பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

சாப்பாட்டுக்கு எங்கள் இலைகளை வழக்கம்போல் பந்தலுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். வழக்கத்தைவிட அன்று பாயசம் அதிகம் கிடைத்தது.

சில வருடங்களில் கீபோர்டு வந்தது. அதில் எல்லா வாத்தியமும் இருந்தது, ஸ்டீல் கிட்டாரும் ஒரு பொத்தானாக இருந்தது. மாஸ்டர் தன் தொண்டை போகும்வரை குழுவை நடத்திவிட்டு, பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். நான் சிமெண்ட் ஆலைக் குடோனில் காவலுக்குச் சேர்ந்தேன். வீட்டில் வாசிப்பதை விடவில்லை. ஷிப்டு சங்குக்குத்தான் இன்றும் சுருதி சேர்க்கிறேன்.

வைத்திலிங்கத்தின் வேண்டுதல் மொட்டையை உறவுக்காரர்கள் பெருமையாகப் பேசினார்கள். மங்கையர்க்கரசிக்குப் பிள்ளை பிறந்தபோது அவர் மறுபடியும் மொட்டை போட வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை.

பிறகு ஒருநாள் அந்தத் தலைவர் நிஜமாகவே காலமானார். காலையில் ரேடியோவில் வீணை தனியாக இழுத்தது, கடைகள் சாத்தின, பஸ் நின்றது. வைத்திலிங்கம் தன் ஊரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு அரியலூரில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். வேர்த்து ஒழுகியது. தலை நிறைய முடி இருந்தது.

"தம்பி, கிட்டாரு எங்க?"

"பைக்குள்ள இருக்குங்க."

"தொறந்து காட்டு."

காட்டினேன். ராத்திரி ஷிப்டு என்பதால் சில நாளாகத் தொடவில்லை, தந்திகளில் தூசி இருந்தது. உள்ளே வந்து ஆம்ப்ளிஃபயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போய் என் வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.